சிக்கனம் செய்தால் செலவு குறையுமா?

உத்தியோகத்திற்காக நடத்தப்படும் பரீட்சைகளில் தர்க்க அறிவைச் சோதிப்பதென்ற பேரால் சில கேள்விகள் கேட்கப்பட்டு வருவது வாசகர்கள் அறிந்ததேயாகும். ஒரு வாதத்தைக் கொடுத்து, "இந்த வாதம் எந்த அனுமானத்தின்மேல் நிற்கின்றது?" என்று கேட்பார்கள். நான்கு விடைகளும் கொடுப்பார்கள். வாலிபர்கள் இதற்குச் சில தந்திரங்களை நெட்டுருப் போட்டுக்கொண்டு போய் எழுதிவிட்டு, பரீட்சை மண்டபத்தின் வாசலிலேயே அதை மறந்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பெரியவர்களோ இது பிள்ளைகள் சமாசாரம் என்று சும்மா இருந்துவிடுகிறார்கள்.

நம்மைக் கேட்டால், உத்தியோகத்திற்குப் போகிறவனைவிட ஓட்டுப் போடுகிறவனுக்கும் வரி கொடுக்கிறவனுக்குமே முதலில் வைக்க வேண்டிய பரீட்சை இதுதான் என்று சொல்லுவோம். ஏனெனில் மேடையில் பேசுகிறவரும், சர்க்கார் அறிக்கை எழுதுகிறவரும், கடையில் சாமான் விற்கிறவரும் நம்மிடம் கொண்டுவருவதெல்லாம் ஒரு "ஆகவே" தான். "இது இப்படியிருக்கிறது; ஆகவே அது அப்படியாகும்" என்கிறார்கள். முதற் பாதி உண்மையா பொய்யா என்று விசாரிக்கிறவர்களாவது கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். முதற் பாதியிலிருந்து இரண்டாவது பாதிக்குப் போகப் போட்டிருக்கும் "ஆகவே" என்னும் பாலம் ஆள் ஏறினால் தாங்குமா என்று பார்க்கிறவர்கள் மிகமிகச் சிலரேயாவார்கள். ஆதலால், இந்த வாரம் அப்படிப்பட்ட கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டு வாசகர்களுடன் சேர்ந்து ஆராய்ந்து பார்க்கலாமென்று நினைக்கிறோம். கேள்வி எரிபொருளைப் பற்றியது. அடுப்பும் விளக்கும் இல்லாத வீடு இல்லையாதலால் யாருக்கும் அன்னியமானதல்ல.

கேள்வியாவது:

"ஒரு நாட்டின் தொழிலெல்லாம் நிலக்கரியைக் கொண்டு நடக்கின்றது. அந்நாட்டு எந்திரங்கள் இப்பொழுது சீர்திருத்தப்பட்டு, முன்பு செய்த அதே வேலையை முன் செலவான கரியில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டே செய்துவிடுகின்றன. ஆகவே அந்நாட்டில் நிலக்கரிச் செலவு குறைவது நிச்சயம்." இந்த வாதம் கீழ்க்கண்டவற்றுள் எதை அனுமானமாக வைத்துக்கொண்டிருக்கின்றது?

(அ) நிலக்கரி என்றாவது ஒருநாள் தீர்ந்துபோகும்.

(ஆ) நிலக்கரிக்குப் பதிலாக வேறு எரிபொருள் கிடைக்காது.

(இ) எந்திரங்களிடம் வாங்கும் வேலையின் மொத்த அளவு முன்னைப்போல் மூன்று மடங்கை எட்டாது.

(ஈ) நிலக்கரியின் விலை ஏறிக்கொண்டே போகும்.

விடையைச் சொல்லுவதற்கு முன் ஒரு முறையைச் சொல்லுகிறோம். ஒரு வீட்டில் பல தூண்கள் இருக்கின்றன. அவற்றில் எது பாரந்தாங்குகிறது, எது அலங்காரத்திற்கு நிற்கிறது என்று தெரியவேண்டுமானால், ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டதாக எண்ணிப் பார்க்கவேண்டும். கூரை விழுந்தால் அது பாரந்தாங்கும் தூண். விழாவிட்டால் அது இல்லாமலும் வீடு நிற்கும். வாதத்திற்கும் இதே முறைதான். ஒவ்வொரு விடையையும் மறுத்துப் பார்த்து, மறுத்தவுடன் முடிவு விழுகின்றதா என்று கவனிக்கவேண்டும்.

(அ)வை மறுத்துப் பார்ப்போம். நிலக்கரி என்றைக்குமே தீராது என்று வைத்துக்கொள்வோம். அதனால் செலவு குறையும் என்ற முடிவுக்கு என்ன கெடுதி வந்தது? ஒன்றுமில்லை. எடுக்க எடுக்கக் குறையாத களஞ்சியமாயிருந்தாலும், எடுப்பது கொஞ்சமாயிருந்தால் செலவு கொஞ்சந்தான். ஆகையால் (அ) தள்ளுபடி.

(ஆ)வை மறுத்துப் பார்ப்போம். வேறு எரிபொருள் கிடைக்கின்றது என்று வைத்துக்கொண்டால், கரிச் செலவு இன்னும் குறையுமேயொழியக் கூடாது. மறுத்தால் முடிவுக்குப் பலமே ஏற்படுகின்றது. ஆகையால் இதுவும் தள்ளுபடி. ஆனால் இந்த (ஆ)வை வாசகர்கள் மறந்துவிடவேண்டாம். இதனிடம் பின்னால் நமக்கு வேலையிருக்கின்றது.

(ஈ)யில்தான் பலர் ஏமாறுவார்கள். விலை ஏறினால் ஜனங்கள் செலவைக் குறைத்துக்கொள்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததாதலால், இது பொருத்தமாகத் தோன்றும். ஆனால் பொருத்தமாயிருப்பது வேறு, அவசியமாயிருப்பது வேறு. விலை ஏறாமலே இருக்கட்டும். வேலையும் முன்னளவாகவே இருக்கட்டும். அப்பொழுதும் மூன்று வண்டி கரி எரித்த இடத்தில் ஒரு வண்டிதான் எரியும். ஆகையால் விலையேற்றம் இல்லாமலே முடிவு நிற்கின்றது. அது முட்டுக் கொடுக்கும் கழியேயன்றிப் பாரந்தாங்கும் தூண் அல்ல.

மிஞ்சியது (இ). இதை மறுத்துப் பாருங்கள். வேலை மூன்று மடங்காயிற்று என்றால், மூன்றில் ஒரு பங்கை மூன்றால் பெருக்கப் பழைய செலவே வந்து நிற்கும். வேலை ஆறு மடங்காயிற்று என்றால் செலவு இரட்டிப்பாகும். கூரை விழுந்துவிட்டது! ஆகவே (இ) தான் விடை. "ஒரு வேலைக்கு ஆகும் கரி" என்பது ஒன்று. "நாட்டுக்கு ஆகும் கரி" என்பது வேறொன்று. முன்னதைக் காட்டிவிட்டுப் பின்னதைச் சொல்லுவதே இந்த வாதத்திலுள்ள வித்தை. நடுவிலே "எத்தனை வேலை?" என்ற கேள்வி மறைக்கப்பட்டிருக்கின்றது.

இது வெறும் பரீட்சைக்காகப் புனைந்த கதையென்று யாராவது கருதலாம். அப்படியல்ல. பிரிட்டனில் நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் இதே வாதம் மெய்யாகவே நடந்தது. அந்நாட்டின் ரயிலும், கப்பலும், நூற்பாலையும், இரும்பு உலையும் கரியை நம்பியே நடந்தன. சுரங்கங்கள் வரவர ஆழமாகிக்கொண்டு வந்ததைப் பார்த்துச் சிலர் கவலைப்பட்டார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்ட சமாதானம், "எந்திரங்கள் சிக்கனமாகிக்கொண்டே வருகின்றன, ஆகவே பயமில்லை" என்பதாகும். மான்செஸ்டரில் ஆசிரியராயிருந்த ஸ்டான்லி ஜெவன்ஸ் என்பவர், முப்பது வயதுகூட நிரம்பாத நிலையில், 1865-ல் நிலக்கரியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி இந்தச் சமாதானத்தைப் பிட்டுக் காட்டினார்.

அவர் எடுத்துக்காட்டிய சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லுவோம். நியூகோமன் என்பவரது நீராவி எந்திரம் 1712-ல் வேலை செய்யத் தொடங்கியது. அது கரியை வாரி வாரி விழுங்கும். ஆதலால் கரி மலிவாகக் கிடைத்த சுரங்க வாயிலில் தண்ணீர் இறைப்பதற்கே அது பெரும்பாலும் பயன்பட்டது. ஜேம்ஸ் வாட் என்பவர் 1769-ல் தனிக் குளிர்கலம் வைத்த எந்திரத்திற்கு உரிமை பெற்றார். அதற்குக் கரி மிகக் குறைவாகவே பிடித்தது. ஆனால் என்ன நடந்தது? சுரங்க வாயிலைவிட்டு நகர முடியாதிருந்த எந்திரம், கரிச் செலவு கட்டுப்படியானதால், ஆலைக்கும் ஊருக்குள்ளும் வந்து சேர்ந்தது. ஓர் எந்திரம் தின்பது குறைந்தது; தின்கிற எந்திரங்கள் பெருகின.

இதைவிடத் தெளிவானது ஸ்காட்லாந்து இரும்பின் கதை. 1828-ல் நீல்சன் என்பவர், இரும்பு உலைக்குள் ஊதும் காற்றை முதலில் சூடாக்கி ஊதினால் கரி மிச்சமாகும் என்று கண்டுபிடித்தார். ஒரு டன் இரும்புக்கு ஆகும் கரி முன்னிருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிற்று. நமது கேள்வியிலுள்ள கணக்கு அப்படியே இங்கே இருப்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். ஆனால் ஜெவன்ஸ் கொடுத்திருக்கும் கணக்குப்படி 1830-லிருந்து 1863-க்குள் அந்த இரும்புத் தொழிலின் மொத்தக் கரிச் செலவு பத்து மடங்காயிற்று. ஒரு டன்னுக்கு மூன்றில் ஒன்று, மொத்தத்தில் பத்து மடங்கு என்றால், இரும்பு முப்பது மடங்குக்குக் குறையாமல் உற்பத்தியாகியிருக்கவேண்டும் என்பதைப் பள்ளிப் பிள்ளையும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். (இ) என்னும் தூண் சாய்ந்தது மாத்திரமல்ல, தூள்தூளாகவே போய்விட்டது.

ஏன் இப்படியாயிற்று? கரி மிச்சமானதால் இரும்பு மலிந்தது. இரும்பு மலிந்ததால் தண்டவாளம், பாலம், கப்பல் எல்லாம் பெருகின. அவை பெருகியதால் இரும்பு இன்னும் வேண்டியிருந்தது. அவற்றை ஓட்டுவதற்கும் கரி வேண்டியிருந்தது. சிக்கனம் என்பது அடுப்பில் செய்த சிக்கனம்; அதன் பலன் சந்தையில் மலிவாக வந்து நின்றது. மலிவைக் கண்டால் சந்தை சும்மா இருக்குமா?

இந்தப் புத்தகம் பிரிட்டிஷ் பார்லிமெண்டையே கலக்கிவிட்டது. 1866-ல் தத்துவ ஆசிரியரான ஜான் ஸ்டுவர்ட் மில் சபையில் இதை எடுத்துப் பேசினார். நிதிமந்திரி கிளாட்ஸ்டன், கரி உள்ளபோதே தேசத்தின் கடனை அடைக்கவேண்டும் என்று வாதிக்க இதைத் துணைக்கு எடுத்துக்கொண்டார். அவ்வாண்டே நிலக்கரியைப் பற்றி விசாரிக்க ஒரு ராயல் கமிஷனும் நியமிக்கப்பட்டது. ஒரு "ஆகவே"யைத் தட்டிப் பார்த்ததன் பலன் இவ்வளவு.

நிற்க. இத்துடன் விட்டுவிட்டு, "பெரிய அறிஞர் சொல்லிவிட்டார், சிக்கனம் செய்தால் செலவு கூடும் என்பதே உண்மை" என்று முடித்துவிடலாமா? அப்படி முடித்துவிட்டால் ஒரு மூட நம்பிக்கையை விட்டு இன்னொரு மூட நம்பிக்கைக்குக் குடிபோனவர்களேயாவோம். ஜெவன்ஸையும் அதே தராசில் நிறுத்துப் பார்ப்பதுதான் யோக்கியமாகும்.

அவர் ஒரு கணக்குப் போட்டார். 1861-ல் பிரிட்டனின் கரிச் செலவு 8 கோடியே 36 லட்சம் டன். அது வருஷத்திற்கு நூற்றுக்கு மூன்றரை வீதம் ஏறிக்கொண்டு போனால் 1961-ல் 260 கோடி டன்னுக்கு மேலாகும். இவ்வளவு கரி எடுக்க முடியாது என்று அவரே சொன்னார். இது வரையில் அவர் சொன்னது சரியே. பிறகு அவர் வந்து சேர்ந்த முடிவு என்னவென்றால், கரி எடுப்பது வரவரக் கஷ்டமாகி, விலையேறி, அதனால் பிரிட்டனின் வளர்ச்சியே நின்று, தேசம் க்ஷீணித்துப் போகும் என்பதாகும்.

நடந்தது என்ன? பிரிட்டனில் வெட்டியெடுத்த கரி 1913-ல் 28 கோடியே 70 லட்சம் டன்னாக உச்சத்தை எட்டியது. மேற்படி 260 கோடியில் அது ஒன்பதில் ஒரு பங்குதான். பிறகு இறங்கிக்கொண்டே வந்தது. 1882-ல் லண்டன் ஹோல்பார்னில் கரியைக் கொண்டு ஊருக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய அதே நாட்டில், கடைசியாக மிஞ்சியிருந்த ராட்கிளிப்-ஆன்-சோர் கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30-ந் தேதி மூடப்பட்டது. அன்றிரவு அந்த நாடு இருண்டுபோய்விடவில்லை. எண்ணெயும், எரிவாயுவும், அணுசக்தியும், கடற்காற்றும் கரியின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்துக்கொண்டுவிட்டன.

இப்பொழுது நாம் மறக்கவேண்டாமென்று சொன்ன (ஆ)வைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். "நிலக்கரிக்குப் பதிலாக வேறு எரிபொருள் கிடைக்காது." முதல் வாதத்திற்கு இது வேண்டாத தூண். ஆனால் ஜெவன்ஸின் இரண்டாவது வாதத்திற்கு இதுவே நடுத்தூண். கரி குறைந்தால் தேசம் குறையும் என்று சொல்லவேண்டுமானால், கரியின் இடத்திற்கு வேறெதுவும் வராது என்று வைத்துக்கொண்டே ஆகவேண்டும். அவர் காற்றையும் ஆற்று நீரையும் கடல் அலையேற்றத்தையும் யோசிக்காமல் விடவில்லை. யோசித்து, அன்றைய நிலைமையில் அவை உதவாவென்று தள்ளினார். அன்றைக்கு உதவாதது என்றைக்கும் உதவாது என்பதே அவருடைய வாதத்தில் ஒளிந்திருந்த அனுமானம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த ஜெவன்ஸ் பொருளாதாரத்தில் மாத்திரமல்ல, தர்க்க சாஸ்திரத்திலும் பெயர் பெற்றவர். வாக்கியங்களைச் சாவிகளால் அழுத்தினால் அவற்றிலிருந்து வரக்கூடிய முடிவுகளைத் தானே காட்டும் ஓர் எந்திரத்தைச் செய்து, 1870-ல் லண்டன் ராயல் சங்கத்தில் காட்டியவர். அப்படிப்பட்டவரும் தமது சொந்த வாதத்தில் ஒளிந்திருந்த தூணைக் காணாமல் விட்டுவிட்டார். இதனால் அவருக்கு இழிவு ஒன்றுமில்லை. தர்க்க எந்திரமானாலும், தர்க்கம் தெரிந்த மூளையானாலும், உள்ளே போட்டதிலிருந்துதான் முடிவை எடுத்துக் கொடுக்கும். போடாமல் விட்டதை அது சொல்லாது. போடாமல் விட்டது என்ன என்று கேட்பது எதிரே உட்கார்ந்திருக்கிறவனுடைய வேலை.

இனி நமது காலத்திற்கும் நமது வீட்டிற்கும் வருவோம். இன்றைக்கு இரண்டு கூட்டத்தார் இருக்கிறார்கள். ஒரு கூட்டத்தார், "சிக்கன விளக்கும் சிக்கன மோட்டாரும் வந்துவிட்டன, ஆகவே கரிப் புகையைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்கிறார்கள். மற்றொரு கூட்டத்தார், "சிக்கனமெல்லாம் வீண், ஜெவன்ஸ் அன்றே நிரூபித்துவிட்டார்" என்கிறார்கள். இவ்விருவரும் ஒரே குற்றத்தையே செய்கிறார்கள். அதாவது, "எத்தனை மடங்கு?" என்று கேட்பதில்லை.

பழைய 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 9 வாட் எல்.இ.டி. பல்பு மாட்டுகிறோம். பழைய பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் 300 வாட்-மணி செலவு. புதியது அந்தச் செலவை எட்டவேண்டுமானால் 33 மணி நேரத்திற்கு மேல் எரியவேண்டும். ஒரு நாளுக்கு 24 மணி நேரந்தானே இருக்கின்றது! இரவும் பகலும் அணைக்காமல் விட்டாலும் 216-க்கு மேல் போகாது. ஆகையால் அந்த ஒரு பல்பைப் பொறுத்தவரையில் மிச்சம் நிச்சயமே. ஜெவன்ஸே எழுந்து வந்தாலும் மறுக்கமுடியாது. ஆனால் மலிவாயிற்றே என்று வாசலுக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று, சுவரைச் சுற்றி நூறு, விளம்பரப் பலகைக்கு ஆயிரம் என்று பல்புகளே பெருகினால் கணக்கு வேறு. நமது நாட்டில் 2015-ல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கு மேல் எல்.இ.டி. பல்புகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. நல்ல காரியந்தான். ஆனால் "இத்தனை கோடி பல்பு கொடுத்தோம், ஆகவே இத்தனை கோடி யூனிட் மிச்சம்" என்று யாராவது கணக்குச் சொன்னால், பழைய குண்டு பல்பைக் கழற்றிய இடத்தில்தான் புதியது மாட்டப்பட்டதா, எரியும் நேரம் முன்னளவுதானா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் தலையாட்டக்கூடாது.

அமெரிக்காவில் புதிதாக விற்கும் ஐஸ் பெட்டிகள் 1970-களின் நடுவில் சராசரியாக வருஷத்திற்குச் சுமார் 1800 யூனிட் தின்றன. சர்க்கார் சட்டம் போட்டுத் திருத்தியதன் பிறகு, பெட்டி பெரிதானபோதிலும், அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. அதனால் யாரும் ஒரு பெட்டிக்கு மூன்று பெட்டி வாங்கி அடுக்கவில்லை. கொட்டகையில் இரண்டாவதொன்று வைத்தவர்கள் உண்டு, அவ்வளவுதான். வயிறு நிறைந்தவனுக்குச் சோறு மலிந்தால் அவன் மும்மடங்கு தின்றுவிடமாட்டான். வீட்டுத் தேவைகளில், மிச்சமாகுமென்று எதிர்பார்த்த நூற்றில் சுமார் முப்பதுக்கு உட்பட்ட பங்கே மறுபடி செலவாகித் திரும்பிப் போகிறதென்று 2007-ல் பிரிட்டனில் வெளியான ஆராய்ச்சித் தொகுப்பு ஒன்று சொல்லுகின்றது. அதாவது நூற்றில் எழுபதாவது கையில் நிற்கின்றது. இது செல்வ நாட்டுக் கணக்கு என்பதையும் மறக்கக்கூடாது.

ஆனால் பசி அடங்காத வயிறும் உண்டு. கணக்குப் போடும் கம்ப்யூட்டர் தொழிலைப் பாருங்கள். 2025 ஜனவரியில் சீனாவிலுள்ள டீப்சீக் என்னும் கம்பெனி குறைந்த செலவில் செயற்கை அறிவைச் செய்து காட்டிற்று என்று செய்தி வந்தது. உடனே இத்தொழிலுக்குச் சில்லுகள் விற்கும் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. செலவு குறைந்தால் சில்லுகளுக்குக் கிராக்கி குறையும் என்று பங்கு வியாபாரிகள் நினைத்தார்கள். மைக்ரோசாப்ட் தலைவரோ, ஜெவன்ஸின் பெயரையே சொல்லி, மலிவானால் உபயோகம் பெருகத்தான் செய்யும் என்று தைரியம் சொன்னார். ஜெவன்ஸ் எச்சரிக்கையாக எழுதியதை வியாபாரி நற்செய்தியாக வாசிக்கிறார்! கரியைப் பற்றிக் கவலைப்படுகிறவனுக்கு எது கெட்ட செய்தியோ, சரக்கு விற்கிறவனுக்கு அதுவே நல்ல செய்தி என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

கிராமத்துத் தோழர்களுக்கு ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் விவசாய மோட்டாருக்கு முப்பது வருஷங்களுக்கு மேலாக மின்சாரம் இலவசம். பழைய மோட்டாரை எடுத்துவிட்டு நல்ல மோட்டார் வைத்தால் மின்சாரம் மிச்சமாகுமா? அதே நீரை இறைக்கக்கூடிய சிறிய மோட்டாராக வைத்தால் மிச்சமாகும். அதே குதிரைச்சக்தியில் அதிக நீர் இறைக்கும் மோட்டாராக வைத்தால், பாய்ச்சல் சீக்கிரம் முடிந்து மோட்டாரை நிறுத்துகிறவன் வீட்டில்தான் மிச்சம். மின்சாரம் வருகிற நேரம் முழுவதும் இறைத்தும் வயலுக்குப் போதாமல் தவிக்கிறவன், முன்போலவே முழு நேரமும் ஓட்டுவான். மின்சாரம் ஒரு யூனிட்கூடக் குறையாது. கிணற்றில் நீர்தான் முன்னைவிட வேகமாக இறங்கும். நீர் இறங்கினால் மறுவருஷம் அதிக ஆழத்திலிருந்து இறைக்கவேண்டும். அதற்கு மின்சாரம் இன்னும் அதிகம். இலவச மின்சாரத்தை எடுத்துவிட வேண்டுமென்று சொல்லுவதற்காக நாம் இதை எழுதவில்லை. ஒரே மோட்டார் ஓரிடத்தில் மிச்சத்தையும் இன்னோரிடத்தில் வறட்சியையும் கொண்டுவரக்கூடும் என்பதையும், எது வருமென்பது மோட்டாரில் எழுதியிருக்கவில்லை, நிலத்தின் தாகத்தில் எழுதியிருக்கின்றது என்பதையும் காட்டவே எழுதுகிறோம்.

ஆகவே இவ்வளவிலிருந்தும் ஏற்படுவது என்ன? சிக்கனத்தால் செலவு குறையும் என்பதும் விதியல்ல. கூடும் என்பதும் விதியல்ல. தேவை நிறைந்த இடத்தில் குறையும். நிறையாத இடத்தில் திரும்பிப் பெருகும். மலிவைக் கண்டு புதுப்புதுத் தேவைகள் முளைக்கும் இடத்தில் பழையதையும் தாண்டிப் போகும். மூன்றில் எது நம்முன் நிற்கின்றது என்று பார்க்காமல் "நிச்சயம்" என்று சொல்லுகிறவர் யாராயிருந்தாலும், அவர் கணக்கை மறைக்கிறார் அல்லது கணக்கே போடவில்லை என்றுதான் அர்த்தம்.

இதில் இன்னொரு முக்கிய விஷயமும் இருக்கின்றது. செலவு கூடுவதெல்லாம் கெடுதியென்று நினைப்பதும் ஒரு ஒளிந்த அனுமானமேயாகும். நேற்றுவரை சிம்னி விளக்கில் படித்த பிள்ளைக்கு இன்று இரண்டு நல்ல விளக்கு கிடைத்தால், நாட்டின் மின்சாரச் செலவு கூடித்தான் போகும். பகலெல்லாம் வெயிலில் உழைத்தவன் இரவில் ஒரு விசிறிக்கடியில் தூங்கினால் அதுவும் கூடித்தான் போகும். இதைப் பார்த்து, "சிக்கனம் வீணாய்ப் போயிற்று" என்று ஒருவர் பெருமூச்சு விடுவாரானால், அவர் விசிறிக்கடியில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறாரென்றே நாம் சொல்லுவோம். இல்லாதவன் வீட்டில் கூடிய செலவு அந்தச் சிக்கனத்தின் தோல்வியல்ல, வெற்றியேயாகும். அவசியமில்லாத இடத்தில் இராமுழுதும் எரியும் ஆயிரம் விளக்குகளை அதோடு சேர்த்து ஒரே தொகையாகக் கூட்டிச் சொல்லி, பழியை இல்லாதவன் தலையில் ஏற்றுவது பெரிய அக்கிரமமாகும்.

ஆதலால், சிக்கன எந்திரத்தைக் காட்டி நம்மிடம் வருகிறவர்களை, "உங்கள் நோக்கம் என்ன?" என்று முதலில் கேட்கவேண்டும். இல்லாதவர்களுக்கு வெளிச்சமும் காற்றும் கிடைக்கவேண்டுமென்பது நோக்கமானால், எந்திரம் மலிவாயிருந்தால் போதும். செலவு கூடினாலும் குற்றமில்லை. கரிப் புகை குறையவேண்டுமென்பது நோக்கமானால், எந்திரம் மாத்திரம் போதவே போதாது. பிரிட்டனில் கரி ஒழிந்தது கரி எந்திரம் சிக்கனமானதால் அல்ல. கரியின் இடத்தில் வேறு சக்தியைக் கொண்டுவந்து வைத்து, கரிக்கு வரியும் வரம்பும் போட்டதனாலேயே ஆகும். உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், எவ்வளவோ சிக்கனமான எந்திரங்கள் வந்தும், 2024-ல் நிலக்கரிச் செலவு அதுவரை இல்லாத அளவாகச் சுமார் 880 கோடி டன்னுக்குப் போயிருக்கின்றது. இதைக் கண்ட பிறகும் "எந்திரம் பார்த்துக்கொள்ளும்" என்று இருப்பது, வேண்டுதல் செய்துவிட்டு வைத்தியம் செய்யாமல் இருப்பதைப் போன்றதேயாகும்.

வாலிபத் தோழர்களுக்குக் கடைசியாக ஒன்று. பரீட்சையில் (இ) என்று குறியிட்டால் ஒரு மார்க் கிடைக்கும். அது உங்களுக்குக் கிடைக்கவேண்டுமென்பதே நமது ஆசை. ஆனால் அந்தக் கேள்வியைப் பரீட்சை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். யார் எதைச் சொல்லி "ஆகவே" என்றாலும், அந்த இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பாருங்கள். நாம் மேலே சொன்னவற்றையும் அப்படியே தட்டிப் பாருங்கள். தாங்குகிறதை வைத்துக்கொள்ளுங்கள், தாங்காததைத் தயவு தாட்சணியமின்றித் தள்ளிவிடுங்கள். அப்படிச் செய்ய ஊருக்குப் பத்துப் பேர் முன்வந்துவிட்டால், "நிச்சயம்" என்னும் சொல்லை வாயில் எடுக்கிறவர்கள் அதற்குமுன் கொஞ்சமாவது கணக்குப் போட்டுக்கொண்டு வருவார்கள்.